‘காவல்காரன்’ படத்தின் இரண்டு குரல்களும் பிழை பொறுக்கும் கலையும்



பழைய உளவுப் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ‘இயக்குநர் கவனிக்கத் தவறிய பத்துப் பிழைகள்’ என்று விரல்விட்டு எண்ணிக் காட்டும் பதிவுகள் நம் முகநூல் பக்கங்களில் நாள்தோறும் குவிகின்றன. கதாநாயகனின் கழுத்துப்பட்டை ஒரு ஷாட்டில் நேராகவும் அடுத்த ஷாட்டில் சரிந்தும் கிடக்கிறது. ஆறு குண்டு கொள்ளும் கைத்துப்பாக்கி எட்டு முறை வெடிக்கிறது. அறைக்குள் நுழைந்தவரின் கையிலிருந்த பெட்டி மறுகணம் காணாமற்போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு வட்டம், ஒரு சிரிப்புக் குறி. இடையிடையே ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கும் துணுக்குகள். யார் சொன்னது, எங்கே சொன்னது என்ற குறிப்பு எதுவும் அவற்றில் இராது. இவற்றைக் காணும் ஆய்வுலகத்தாரோ முகத்தைச் சுளித்துக்கொண்டு கடந்துபோகிறார்கள்.

இந்தச் சிரிப்பு, இந்தச் சுளிப்பு ஆகிய இரண்டையும் எதிர்த்தே இப்பதிவை எழுதுகிறேன். தொடர்ச்சிப் பிழை என்று நாம் அழைப்பது, ஒரு படம் எவ்வாறு உருவாயிற்று என்பதற்குப் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் ஒரே உட்சான்று. பட்டியல் போடுவோர் அச்சான்றைக் கேலிக்கு விலைபேசுகிறார்கள். நாமோ கேலியை வெறுக்கும் வேகத்தில் சான்றையும் சேர்த்து வெறுக்கிறோம். இதற்கிடையே, அச்சான்றை அடியோடு துடைத்தெறியக்கூடிய கருவிகள் வந்துவிட்டன. ஆகவே இது பொழுதுபோக்குப் பேச்சாக இனியும் இருக்க இயலாது.

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1959-இல் வெளிவந்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ உளவுப் படங்களுக்கெல்லாம் முன்னோடி என்று கொண்டாடப்படுவது. ரஷ்மோர் மலைக்கருகே உள்ள உணவகத்தில் நாயகி நாயகனை நோக்கிச் சுடுகிறாள். அவள் சுடுவதற்குச் சற்று முன்னரே, பின்னால் ஒரு மேசையில் அமர்ந்திருக்கும் சிறுவன் தன் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். பிழைப் பட்டியல்களில் இச்சிறுவனுக்கு நிலையான இடமுண்டு. பட்டியல் அங்கே நின்றுவிடுகிறது. ஆய்வு அங்கேதான் தொடங்கவேண்டும். வெடி வரப்போவதை அவன் எப்படி அறிந்தான்? முன்பே கேட்டிருக்கிறான், ஒத்திகையிலோ முந்தைய டேக்கிலோ அந்த ஓசை அவன் காதைத் துளைத்திருக்கிறது. திரையில் ஒரே முறை நிகழும் அதிர்ச்சி, தளத்தில் முன்னரே நிகழ்ந்துவிட்ட ஒன்று என்பதை அச்சிறுவனின் விரல்கள் சொல்கின்றன. படப்பிடிப்பின் நாட்குறிப்புகள் அனைத்தும் அழிந்துபோனாலும் இச்செய்தியை நாம் படத்திலிருந்தே பெறலாம்.

இனி நம் படத்துக்கு வருவோம்.

ப. நீலகண்டன் இயக்கத்தில் சத்யா மூவீஸ் தயாரித்த ‘காவல்காரன்’ 1967 செப்டம்பர் 7 அன்று வெளிவந்தது. ஓட்டுநராக ஒரு வீட்டுக்குள் நுழைந்து வேவு பார்க்கும் காவல்துறை அதிகாரியாக எம்.ஜி.ஆர். நடித்த படம். ஜெயலலிதா நாயகி; நம்பியாரும் அசோகனும் உண்டு; இசை எம்.எஸ். விஸ்வநாதன். இப்படம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1967 ஜனவரி 12 அன்று, இராமாவரம் தோட்ட வீட்டில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், பேச்சு பழையபடி திரும்பவில்லை. படத்தின் ஒரு பகுதி அந்நாளுக்கு முன்பும் மற்றொரு பகுதி அந்நாளுக்குப் பின்பும் எடுக்கப்பட்டது. எனவே ஒரே கதாபாத்திரம் ஒரே படத்தில் இரண்டு குரல்களில் பேசுகிறது. சில காட்சிகளில் நாடக மேடையில் பயின்ற கணீரென்ற பேச்சு. வேறு சில காட்சிகளில் சொற்கள் தேய்ந்தும் மழுங்கியும் வரும் பேச்சு.

பட்டியல்காரர்களின் அளவுகோலை அப்படியே பயன்படுத்தினால், தமிழ்த் திரையின் மாபெரும் தொடர்ச்சிப் பிழை இதுதான். கழுத்துப்பட்டை சரிந்ததற்கே சிவப்பு வட்டம் போடுபவர்கள், கதாநாயகனின் குரலே மாறிவிட்டதற்கு எத்தனை வட்டங்கள் போடவேண்டும்? ஆயினும் அன்றைய கொட்டகையில் அதை எவரும் பிழையாகக் கொள்ளவில்லை. கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த புகைப்படம் அதே ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் சுவரொட்டியாகத் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். ஏழு மாதங்களுக்குப் பின் ‘காவல்காரன்’ பார்க்கச் சென்றவர்கள், எந்தக் காட்சி முன்னது, எந்தக் காட்சி பின்னது என்பதைக் காதாலேயே பிரித்தறியும் ஆற்றலுடன் சென்றார்கள். கதைக்குள் ஓர் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். கதைக்கு வெளியே ஒரு மனிதர் மீண்டு வந்திருந்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கத் தெரிந்த செவிகள் அவை.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இங்கு இரண்டு செய்திகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, இந்தக் குரல் முறிவு தயாரிப்பு வரலாற்றின் ஆவணம். உரையாடல்கள் அனைத்தும் படப்பிடிப்பு முடிந்தபின் ஒருசேரப் பதிவு செய்யப்பட்டிருந்தால் படம் முழுவதும் ஒரே குரல்தான் கேட்டிருக்கும். இரண்டு குரல்கள் கேட்கின்றன என்பதனாலேயே, பழைய குரல் ஒலிக்கும் காட்சிகளின் ஒலிப்பதிவு 1967 ஜனவரி 12-க்கு முன்னரே முடிந்துவிட்டது என்று துணிந்து கூறலாம். அக்காட்சிகள் கதையில் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றன என்று குறித்தால், எந்த அரங்க அமைப்பு முதலில் போடப்பட்டது, எந்த நடிகர்களின் கால்ஷீட் முன்னே அமைந்தது என்பவற்றையும் ஊகித்தறியலாம். கதை ஓடும் வரிசை வேறு. படம் எடுக்கப்பட்ட வரிசை வேறு. பின்னதை நமக்குக் காட்டித்தருவது அந்த முறிவு.

இரண்டாவது, ‘குரல் போயிற்று’ என்று சொல்லிப் பழகிவிட்டோமே, எது போயிற்று? குரல்வளையின் அதிர்வா? நாவும் இதழும் கூடி ஒலிகளைப் பிரித்துக்காட்டும் ஒலிப்பு முயற்சியா? மூச்சைப் பங்கிட்டுத் தொடர்களை முடிக்கும் திறனா? மூன்றும் வெவ்வேறு. ஒரே பேச்சாளர், ஒரே படம், ஒரே பாத்திரம், நடுவில் தேதி தெரிந்த ஒரு காயம்: ஒலியியலாளர் எவரும் ஆய்வகத்தில் இப்படியொரு தரவை உருவாக்க இயலாது, உருவாக்கவும் கூடாது. ‘பழைய அச்சுப்படியில் ஒலி கெட்டுப்போயிருக்கும், அதை வைத்து என்ன ஆய்வு?’ என்று கேட்பவர்களுக்கு விடை படத்திலேயே இருக்கிறது. அதே காட்சிகளில் நம்பியாரும் ஜெயலலிதாவும் பேசுகிறார்கள். அவர்களுடைய குரலும் காட்சிக்குக் காட்சி மாறினால் அது பதிவின் குறை. அவர்கள் குரல் மாறாமல் எம்.ஜி.ஆரின் பேச்சு மட்டும் மாறினால் அது காயத்தின் சுவடு. காயத்துக்கு மறுநாள், 13-ஆம் தேதி, வெளியான ‘தாய்க்குத் தலைமக’னை ஒரு பக்கமும், அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘விவசாயி’யை மறு பக்கமும் வைத்து ஒப்பிட்டால் எல்லைகள் இன்னும் தெளிவாகும். கையில் ஒரு மடிக்கணினி இருந்தால் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆனால் அத்தகைய ஒரு முன்மொழிவைத் துறையில் வைத்தால், ‘எம்.ஜி.ஆர். படமா?’ என்ற கேள்வியோடு எழும் மென்னகை எத்தகையது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

குரல் மாற்றத்தைப் பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டதற்கு ‘அடியார் மனநிலை’ என்று ஒற்றைச் சொல்லில் காரணம் கூறி முடிப்போரும் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தமிழ்ப் படத்தின் நாயகனுக்கு ஒற்றைக் குரல் என்றுமே இருந்ததில்லை. பேசும்போது எம்.ஜி.ஆர்.; பாடும்போது டி.எம். சௌந்தரராஜன். ‘காவல்கார’னிலும் பேச்சுக்குரல் மாறியது, பாட்டுக்குரல் மாறவில்லை. ஓர் உடலுக்கு இரண்டு குரல்களைப் பொருத்திக் கேட்கும் இலக்கணம் அப்பார்வையாளரிடம் முன்பே இருந்தது; மூன்றாவது குரலையும் அவ்விலக்கணத்துக்குள்ளேயே அவர்கள் அமைத்துக்கொண்டார்கள். இதை உணர்ச்சிப்பெருக்கு என்று மட்டும் சொல்வது அவர்களுடைய கேட்டல் அறிவைச் சிறுமைப்படுத்துவதாகும்.

நம் இலக்கண மரபுக்கு இது புதிதும் அன்று. தசை சதையாயிற்று, விசிறி சிவிறியாயிற்று. எழுத்துகள் இடம்மாறிய இச்சொற்களை வழூஉ என்று ஒதுக்காமல், இலக்கணப்போலி என்று பெயரிட்டு இயல்பு வழக்குக்குள் சேர்த்துக்கொண்டனர் நம் முன்னோர். விதி பிறழ்ந்தது, ஆயினும் வழங்குவோர் ஏற்றுக்கொண்டனர். ஆகவே அதற்கொரு வகைப்பாடு வேண்டும் என்று கருதிய மரபு அது. பிறழ்ச்சியைக் கண்டவுடன் சிரிக்கும் மரபு நம்முடையதன்று.

பட்டியல்காரர்களின் குற்றம் சிரிப்பது மட்டுமே என்றால் மன்னித்துவிடலாம். அவர்கள் வகைபிரிக்க மறுக்கிறார்கள். அதுவே என் முதன்மையான குறை. ‘பிழை’ என்ற ஒரே கூடையில் குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்கள் கிடக்கின்றன.

கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்ட கதாநாயகனை வில்லனால் அடையாளம் காண இயலாமற்போவது பிழையன்று, மரபு. தெருக்கூத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதைப் போன்றது. ஒரு பாடலுக்குள் நாயகியின் உடை ஐந்து முறை மாறுவதும் அவ்வாறே.

இரண்டாவது, சூழல் திணித்த முறிவு. உடல்நலம், மரணம், பணமுடை, மழை, கால்ஷீட். ‘காவல்கார’னின் குரல் இவ்வகையைச் சேர்ந்தது. கச்சாப் பிலிமுக்கு அந்நியச் செலாவணியும் அரசுக் கட்டுப்பாடும் தடையாயிருந்த அறுபதுகளில், சரிந்த கழுத்துப்பட்டைக்காக இன்னொரு டேக் எடுப்பது எளிய முடிவன்று. அந்தச் சரிந்த பட்டை, பிலிமைச் சிக்கனமாகச் செலவிட்ட ஒரு தொழில்துறையின் கணக்கேட்டுப் பக்கம்.

மூன்றாவது, உண்மையான கவனக்குறைவு. அதைக் குறைகூறத் தடையில்லை. காட்சிகளை வரிசை மாற்றி எடுக்கும் தொழிலில் எந்தக் கையில் குடை இருந்தது, எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்றெல்லாம் எழுதிவைப்பது உதவி இயக்குநரின் கண்டினியூட்டி நோட்டுப் புத்தகம். அது தவறினால் தவறுதான்.

நான்காவது வகையைப் பட்டியல்காரர்கள் அறவே அறியார்: படியின் பிழை. இன்று நாம் யூடியூபில் பார்க்கும் பழைய படம், கொட்டகை கொட்டகையாகச் சுற்றி, அறுந்து, ஒட்டப்பட்டு, தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்டு, மீண்டும் பதிவேற்றப்பட்ட ஒரு படி. அறுந்த பிலிமை ஒட்டும்போது ஆபரேட்டர் நறுக்கிய சில சட்டகங்களால் ஒரு பெட்டி ‘மறைந்து’ போயிருக்கலாம். ஏடு எழுதியவர் விட்ட எழுத்துக்குக் கம்பன்மேல் வழக்குத் தொடுப்போமா? உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டார். பாடபேதங்களை எறிந்துவிடாமல் மதித்தார். படி வேறு, மூலம் வேறு என்ற தெளிவு நமக்கு வந்து நூற்றாண்டுக்கு மேலாகிறது. திரைப்படத்தைத் தொட்டவுடன் அத்தெளிவு எங்கே போய்விடுகிறது?

இனி, துணுக்குகள். 1986-இல் வெளிவந்த ‘விக்ரம்’ தமிழின் புகழ்பெற்ற உளவுப் படம். கதை சுஜாதா, நாயகன் கமல்ஹாசன், இயக்கம் ராஜசேகர். ‘ஒரு கோடி ரூபாய்ச் செலவில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம்’ என்ற துணுக்கு அதைப் பற்றி விடாமல் சுற்றுகிறது. யாருடைய கணக்கு? விளம்பரச் செலவு சேர்த்தா, சேர்க்காமலா? வேறெந்தப் படங்களின் கணக்கோடு ஒப்பிட்டது? பகிர்பவர் எவரும் கேட்பதில்லை. ‘படத்தில் வரும் சலாமியா நாட்டுக்கென்று தனிமொழியே உருவாக்கினார்கள்’ என்பது இன்னொன்று. மொழி என்ற சொல்லை இவ்வளவு எளிதாக வழங்கலாகாது. அம்மொழியின் ஒரு வாக்கியத்தையேனும் எழுதிக்காட்டி, ஒரு காட்சியில் ஒரு பொருளுக்கு வந்த சொல் மற்றொரு காட்சியிலும் அதே பொருளுக்கு வருகிறதா, வினைமுற்று ஒரே இடத்தில் நிற்கிறதா என்று சோதித்த பதிவு ஒன்றையும் நான் கண்டதில்லை. தொடர்ச்சியைத் தேடுபவர்கள் உண்மையில் தேடவேண்டிய தொடர்ச்சி அது. மாறாத சொற்பொருளும் மாறாத தொடரமைப்பும் இருந்தால் அது மொழிக்கான முயற்சி. இல்லையேல் அயலாரின் பேச்சு நம் காதில் வெறும் இரைச்சல் என்று காட்டும் நகைச்சுவை. இரண்டுக்கும் இடையே பண்பாட்டு அரசியலில் பெருந்தொலைவு இருக்கிறது. துணுக்கு அத்தொலைவை விழுங்கிவிடுகிறது.

அதே ‘விக்ரம்’ கதை படப்பிடிப்பு நடந்த காலத்தில் குமுதத்தில் தொடராகவும் வந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களோடு. ஆக, ஒரு கதைக்கு அச்சு வடிவம் ஒன்று, திரை வடிவம் ஒன்று. இரண்டும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்பது பாடபேத ஆய்வுக்குரிய முதல்தரமான பொருள். ‘நாவலில் இருப்பது படத்தில் இல்லை’ என்று குறைகூறுவதோடு நம் விமரிசனம் ஓய்ந்துவிடுகிறது.

திருக்குறளில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை நம்பிவிடாமல் மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பதும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால் தெளியலாம் என்பதும் அங்கே கூறப்படும் நெறி. உளவுப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் ஒற்றர்களுக்கு வகுத்த இந்த விதியையாவது பின்பற்றலாகாதா? ஒரு துணுக்கை நூறு பேர் பகிர்ந்தால் அது நூறு சாட்சியாகாது. ஒரே ஒற்றனின் எதிரொலிதான்.

துணுக்குச் சேகரிப்பே இழிவு என்று நான் கூறவில்லை. பிலிம் நியூஸ் ஆனந்தன் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த படப்பட்டியல்களும் புகைப்படங்களும் பாட்டுப் புத்தகங்களும் இல்லையென்றால் தமிழ்த் திரை வரலாறு எழுதும் எவரும் இன்று திண்டாடியிருப்பார். அவர் சேர்த்ததும் துணுக்குகள்தாம்; ஆனால் பெயர், தேதி, நிறுவனம் என்ற கொக்கிகளில் மாட்டப்பட்ட துணுக்குகள். மற்றொருவர் போய்ச் சரிபார்க்க அவை இடந்தந்தன.

பட்டியல்காரர்களிடம் இவ்வளவு கேட்டபின், நம் தரப்பை விட்டுவிடுவது நேர்மையன்று.

மொழியியல் துறையில் இருப்பவர்கள் பிழையைக் கண்டு முகம் சுளிப்பதைவிட வியப்பானது வேறில்லை. நாத்தவறுகள் தற்செயலான குப்பை அல்ல, மனத்துக்குள் மொழி அடுக்கப்பட்டிருக்கும் முறையை அவை புலப்படுத்துகின்றன என்று விக்டோரியா ஃப்ராம்கின் 1971-இல் ‘லாங்குவேஜ்’ இதழில் நிறுவினார். குழந்தைகள் செய்யும் பிழைகளிலிருந்தே இலக்கணம் எவ்வாறு மனத்தில் கருக்கொள்கிறது என்று கற்பிக்கிறோம். பேச்சில் பிழை சான்று. திரையில் மட்டும் அது சில்லறைப் பேச்சு. இந்த இரட்டை நாவை எப்படி விளக்குவது?

நான் வாழும் கொல்கத்தாவில் இதற்கு மாறான பழக்கத்தை நாள்தோறும் பார்க்கிறேன். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல் ஆவணப் பள்ளி, தாகூர் எழுதியவற்றின் கையெழுத்துப் படிகளையும் அச்சு வடிவங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்படி ‘பிசித்ரா’ என்ற இணையத் தொகுப்பாக 2013-இல் பொதுமக்களுக்கு வழங்கியது. கவிஞர் அடித்த சொல்லும் இங்கே செல்வம். ‘பூரபி’ கவிதைகளின் கையெழுத்துப் படியில் தாகூர் தம் அடித்தல் திருத்தல்களைக் கோடுகளால் இணைத்து விலங்குகளாகவும் பறவைகளாகவும் மாற்றினார். அவருடைய ஓவிய வாழ்வின் தொடக்கத்தை அங்கே காண்கிறார்கள். பிழை ஓவியமான வரலாற்றை இந்நகரம் பெருமையோடு சொல்லும்.

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் படப்பிடிப்பு தொடங்கியது. அடுத்த வாரம் திரும்பிச் சென்றபோது மாடுகள் பூக்களைத் தின்றுவிட்டிருந்தன. மீதிக் காட்சிக்கு அடுத்த ஆண்டுப் பூக்கும் பருவம் வரை காத்திருந்தார்கள். பணமின்றிப் படப்பிடிப்பு நின்ற இடைவெளியில் படத்தின் நாய் இறந்துபோயிற்று. வேறொரு நாய் வந்தது. மிட்டாய் விற்பவராக நடித்தவர் இறந்தார். வேறொருவரை முதுகுப்புறமாகக் காட்டி ஒப்பேற்றினார்கள். இவற்றையெல்லாம் ரேயே எழுதியிருக்கிறார். வங்கச் சிறுவர்கள்கூடப் படித்திருக்கிறார்கள். இந்நகரில் எவரும் அந்த நாய்க்குச் சிவப்பு வட்டம் போடுவதில்லை. திரைப்படக் கல்வியில் அது ‘வறுமையை வென்ற கலை’ என்ற பாடம்.

நான் கேட்பது இதுதான். ரேயின் படத்தில் நாய் மாறினால் கலைஞனின் போராட்டம். நீலகண்டன் படத்தில் நாயகனின் குரலே மாறினால் வணிகப் படத்தின் அலங்கோலம். இந்தத் தீர்ப்புகளை எந்த அளவுகோல் வழங்குகிறது? இரண்டும் ஒரே வகைச் சான்றுகள்: கட்டுக்கு அடங்காத ஒரு நிகழ்வு, நின்றுபோன படப்பிடிப்பு, இருப்பதைக் கொண்டு முடித்தாகவேண்டிய கட்டாயம். ஒன்றுக்கு மரியாதை தந்து மற்றொன்றுக்குச் சிரிப்புக் குறி இடுவது அழகியல் தீர்ப்பாகாது. எந்தப் பார்வையாளர் மதிக்கத்தக்கவர், எவர் அல்லர் என்ற சமூகத் தீர்ப்பு அது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ‘தி இமேஜ் ட்ராப்’ நூலில் எம்.ஜி.ஆர். பிம்பத்தின் அரசியலைக் கடுமையாக ஆராய்ந்தார். அவர் முடிவுகளோடு மாறுபடலாம், ஆனால் ஆராய்வதற்குரிய பொருள் அது என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. பிம்பத்துக்கு ஒரு நூல் கிடைத்தது. குரலுக்கு?

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கி, 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடலில் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் ஒலித்தது. மறைந்த விஜயகாந்தின் முகம் தோன்றியது. உரியவர்களின் இசைவோடு, புதிய படைப்பில், வெளிப்படையாக அறிவித்துச் செய்தவை அவை. அவற்றின் அறம் தனி விவாதம். நான் அஞ்சுவது வேறு. பழைய படங்களை எண்ணிம முறையில் மெருகேற்றி மறுவெளியீடு செய்யும் சந்தை 2012-இல் ‘கர்ணன்’ பெற்ற வரவேற்புக்குப் பின் உறுதிப்பட்டுவிட்டது. இவ்விரண்டு தொழில்நுட்பங்களும் ஒரு மேசையில் சந்திக்கும் நாளில், ‘குண்டடிக்கு முந்தைய கணீர்க் குரலில் முழுக் காவல்காரன்’ என்று ஒரு சுவரொட்டி வருவதற்கு என்ன தடை? அன்பினாலேயே செய்வார்கள். கீறலைத் துடைப்பது போல, தேய்ந்த சொற்களையும் துடைத்துவிடுவார்கள். ‘பிழை திருத்தப்பட்ட பதிப்பு’ என்றும் பெயரிடுவார்கள். பட்டியல்காரர்கள் பழக்கிய சொல் அன்று அவர்களுக்குக் கைகொடுக்கும்.

அப்படித் திருத்தினால் போவது ஒரு நடிகரின் மழுங்கிய உச்சரிப்பு மட்டுமன்று. காயம்பட்ட ஒருவர், வேறொருவரின் குரலை இரவல் வாங்காமல், தமக்கு எஞ்சிய குரலோடு திரைக்குத் திரும்பியதும், ஒரு மக்கள் திரள் அதைக் கேட்டு ஏற்றதுமான நிகழ்வு போய்விடும். பேச்சுக் குறைபாடு உடையவர்களைச் சிரிப்புக்கு மட்டுமே பயன்படுத்திய ஒரு திரையுலகில், நாயகனின் குறைபட்ட பேச்சு பல ஆண்டுகள் நாயகனின் பேச்சாகவே ஒலித்தது. அரசியலில் எம்.ஜி.ஆரை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் ஒருங்கே காக்கவேண்டிய சான்று அது.

‘அப்படியானால் எந்தக் கீறலையும் துடைக்கக் கூடாதா?’ என்று கேட்போருக்கு: படியின் பிழையைத் திருத்துங்கள், மூலத்தின் முறிவைத் தொடாதீர்கள். அச்சுப்படியில் பின்னாளில் விழுந்த கீறல் வேறு, படம் வெளியான அன்றே அதில் இருந்த குரல் வேறு. இரண்டையும் பிரித்தறிவதற்கு வகைப்பாடு வேண்டும். வகைப்பாட்டை உருவாக்குவது நம் வேலை. மெருகேற்றும் நிறுவனங்கள் எதைத் திருத்தினோம் என்ற பட்டியலை வெளியிட வேண்டும். திருத்தாத வடிவம் ஒன்றும் ஆய்வாளருக்குக் கிடைக்க வேண்டும். நல்ல பதிப்பாசிரியர் எவரும் நூற்றாண்டுக்கு முன்பே பின்பற்றிய ஒழுக்கம்தான் இது.

செயலாக ஒன்றைத் தொடங்குகிறேன். ‘காவல்காரன்’ படத்தின் ஒவ்வொரு உரையாடல் காட்சியையும் நிமிடக் குறிப்போடு வரிசைப்படுத்தி, எங்கே எந்தக் குரல், உடன் பேசுபவர் யார், அரங்கம் எது என்ற அட்டவணை ஒன்றைத் தயாரித்துப் பொதுவில் வைக்க விரும்புகிறேன். ஒலியியல் தெரிந்தவர்கள், படத்தின் வெவ்வேறு படிகளை வைத்திருப்பவர்கள், 1967-ஆம் ஆண்டின் பாட்டுப் புத்தகமோ பத்திரிகை விமரிசனமோ கைவசம் உள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படத்தை வெளியான ஆண்டிலேயே கொட்டகையில் பார்த்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ‘என்ன பிழை கண்டீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘குரல் மாறிய இடம் வந்தபோது கொட்டகையில் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொற்களிலேயே, ஊரும் கொட்டகையின் பெயரும் சேர்த்து எழுதிவையுங்கள். அவர்களுள் இளையவர்களுக்கே இப்போது எழுபதை நெருங்கும் வயது. படத்தின் படி எங்கேனும் ஒரு பெட்டியில் இன்னும் சில காலம் கிடக்கும். அந்தக் காதுகள் காத்திருக்கமாட்டா.